கத்தரி வெயிலைத் தாங்கும் ரோஜா: சென்னை மாடியில் வகை தேர்ந்த பதிவு

மேற்குப் பார்த்த மொட்டை மாடி, ஆழ்துளைக் கிணற்று நீர், கத்தரியில் கால் வைக்க முடியாத தளம். இந்த நிலையில் கோடையையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் கடந்து இன்று பூத்துக்கொண்டிருப்பவை பன்னீர் ரோஜா, பட்டன் ரோஜா, வெள்ளை ஐஸ்பெர்க், சிவப்பு கிளாடியேட்டர் ஆகியவை. நிற்காமல் போனவை மஞ்சளும் ஆரஞ்சுமான ஒட்டு ரோஜாக்களில் (வேறொரு ரோஜாவின் வேரில் ஒட்டுக்கட்டி வளர்த்தவை) பெரும்பாலானவை. ஓசூர்ப் பசுமைக்குடில்களில் கொய்மலருக்காக வளர்க்கும் தாஜ்மஹால் போன்றவையும் இங்கே நிலைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே மண், ஒரே உரம், ஒரே கவனிப்புதான். வகைதான் முடிவைத் தீர்மானித்தது. அதனால் இந்தப் பதிவில் உரத்தைவிட வகைத் தேர்வுக்கே இடம் அதிகம்.

செடி வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியவை இரண்டு: வெயில், நீர்.

வெயிலை அளக்க ஒரு சாக்பீஸ் போதும். காலை 7 மணி முதல் மணிக்கு ஒருமுறை நிழலின் விளிம்பைத் தரையில் கோடாக இழுத்து வர வேண்டும். ரோஜாவுக்கு 6 மணி நேர நேர்வெயில் வேண்டும்; அதில் பெரும்பகுதி காலை வெயிலாக இருந்தால் நல்லது. இதில் ஒரு சிக்கல் உண்டு. சென்னை ஏறக்குறைய 13 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். மார்கழியில் முழு நிழலாக இருந்த மாடிப்படி அறையின் வடபுறம், மே மாதத்தில் வெயிலில் கிடக்கும். மார்கழியில் போட்ட கோட்டை நம்பி, நிழல் தேவைப்படும் செடிகளை அங்கே வைத்தால் கோடையில் அவை கருகும். டிசம்பரில் ஒருமுறையும் மே மாதத்தில் ஒருமுறையும் கோடு போட்டுப் பார்த்த பிறகே தொட்டிகளின் இடம் முடிவாக வேண்டும்.

நீருக்கு, அதில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர். 250 ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண பேனா வடிவக் கருவியே போதும். அளவு 500க்குக் கீழே இருந்தால் எந்த ரோஜாவையும் முயலலாம். 1000ஐத் தாண்டினால் முதலில் இலை விளிம்பு பழுப்பாகும், அப்புறம் புதுத்தளிர் சிறுக்கும், பிறகு நுனியிலிருந்து தண்டு காய ஆரம்பிக்கும். உப்பைத் தாங்காத செடிகளில் ரோஜாவும் ஒன்று. இங்கே கிணற்று நீர் 1100 காட்டுகிறது. ஏசியிலிருந்து வடியும் நீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. இரண்டையும் சரிபாதி கலந்தால் 550 அளவுக்கு வந்துவிடும். குளிர்சாதனம் ஓடும் மாதங்களில் ஓர் இரவுக்கு ஒரு வாளி கிடைக்கிறது. அது தேவைப்படுவதும் அந்த மாதங்களில்தான்.

வகைகள்

முதலில் பன்னீர் ரோஜா. அந்தப் பெயரில் நர்சரிகளில் விற்பது ஒரே செடி அல்ல. நம் சமவெளியில் அதிகம் கிடைப்பது எட்வர்ட் ரோஜா, அதாவது போர்போன் ரோஜா. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவில் சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் இயற்கையாகக் கலந்து உண்டான வகை இது. மணம் டமாஸ்க்கிடமிருந்தும், ஆண்டு முழுக்கப் பூக்கும் குணம் சீன ரோஜாவிடமிருந்தும் வந்தவை. பல்கேரியாவின் கசன்லக் பள்ளத்தாக்கில் எண்ணெய்க்காக வளர்க்கும் அசல் டமாஸ்க்கோ ஆண்டுக்கு ஒரே பருவம்தான் பூக்கும். குளிர்காலமும் அதற்கு வேண்டும். இணையத்தில் டமாஸ்க் என்று பெயர் பார்த்து ஆர்டர் செய்வதைவிட, பக்கத்துத் தெருவில் மாதம் தவறாமல் பூக்கும் பன்னீர்ச் செடியிலிருந்து ஒரு குச்சி கேட்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

பன்னீரின் பெரிய பலம், அது சொந்த வேரில் நிற்பது. பென்சில் தடிமனுள்ள தண்டை 6 முதல் 8 அங்குல நீளத்தில் வெட்டி, கீழ்க்கணுவுக்கு ஒட்டிய கீழே சாய்வாகச் சீவி, மூன்றில் இரு பங்கு மணலுக்குள் போகும்படி செருகினால் வேர்விடும். ஒட்டு இல்லாததால், தண்டு முழுக்கக் காய்ந்தாலும் அடியிலிருந்து துளிர்ப்பது அதே பன்னீராகத்தான் இருக்கும். குறையும் உண்டு: முள் அதிகம், 5 அடிக்கு மேல் வளரும், பறித்த பூ அன்று மாலைக்குள் உதிரும். குவளையில் வைத்து அழகு பார்க்க இது உதவாது. பூஜைக்கும் குல்கந்துக்கும் வேறு எதுவும் இதற்கு ஈடில்லை. குல்கந்துக்கு வெயில் ஏறும் முன்பே பறித்துவிட வேண்டும். 8 மணிக்கு மேல் மணம் கண்கூடாகக் குறைகிறது.

பட்டன் ரோஜா கொத்துக் கொத்தாகப் பூக்கும். 10 அங்குலத் தொட்டி போதும், இதுவும் குச்சியிலேயே வரும். இடம் குறைவாக இருப்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். சிவப்புச் சிலந்திப்பேன் முதலில் தேடிப் போவதும் இதைத்தான். அதனால் சுவரோரம், காற்றோட்டமில்லாத மூலை இரண்டும் வேண்டாம்.

கொத்தாகப் பூக்கும் ஃபுளோரிபண்டா வகைகளை நம்மவர்கள் குறைவாகவே மதிக்கிறார்கள். ஒரு பூவின் அளவு சிறிது என்பதுதான் காரணம். ஆனால் வெயில் ஊருக்கு இவைதான் தோதானவை. 1958இல் ஜெர்மனியின் கோர்டெஸ் நிறுவனம் வெளியிட்ட ஐஸ்பெர்க் இன்றும் உலகம் முழுக்க நடப்படுகிறது. முள் குறைவு, விடாமல் பூக்கும், வெள்ளை இதழ் வெயிலில் கருகுவதில்லை. அடர்சிவப்பு இதழ் வெப்பத்தை அதிகம் உறிஞ்சும். மே மாதத்தில் அதன் விளிம்பு கறுத்துச் சுருளும். வெள்ளைக்கும் வெளிர்நிறங்களுக்கும் அந்தத் தொல்லை இல்லை. பதிலுக்கு இலைப்பேன் அந்த மொட்டுகளை நாடும். விளிம்பில் பழுப்புக் கீறல் விழும். எந்த நிறம் எடுத்தாலும் ஒன்றைச் சமாளிக்கத்தான் வேண்டும். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர் பி.பி.பால் உருவாக்கிய டெல்லி பிரின்சஸும் ஃபுளோரிபண்டாதான். கிடைத்தால் விட வேண்டாம்.

அடுத்தது ஹைப்ரிட் டீ. நீண்ட காம்பு, ஒற்றைப் பெரிய மொட்டு. ரோஜா என்றதும் கண்ணுக்கு வரும் வடிவம். தேர்வு தவறுவதும் இங்கேதான் அதிகம். நம் நர்சரிகளில் இவற்றைப் பெயர் சொல்லி விற்பது அரிது. நிறம் சொல்லித்தான் விற்பார்கள். அதனால் சில அடையாளங்களை வைத்து எடை போட வேண்டும்.

இதழ்களின் எண்ணிக்கை ஓர் அடையாளம். இருபதுக்குக் குறைவாக இருந்தால் சென்னைக் கோடையில் காலையில் விரிந்து மாலையில் தளர்ந்துவிடும். அறுபதைத் தாண்டினால் மழைக்காலத்தில் வெளியிதழ்கள் ஒட்டிக்கொண்டு மொட்டு விரியாமலே அழுகும். முப்பது முதல் நாற்பது நடுத்தரம். இதழைத் தொட்டுப் பார்க்கும்போது தடிப்பாக இருக்க வேண்டும். மெல்லிய பட்டுபோல் இருப்பது குளிர் ஊருக்கு உரியது. இலையைப் பார்த்தால், பளபளப்பும் கெட்டியும் உள்ள கரும்பச்சை இலையில் கரும்புள்ளி நோயும் சாம்பல் நோயும் பொதுவாகக் குறைவு.

மஞ்சளும் ஆரஞ்சும் ஏன் போயின என்பதற்கு அவற்றின் பரம்பரையில் விடை இருக்கிறது. ஹைப்ரிட் டீயில் ஆழ்ந்த மஞ்சள் நிறம் முதலில் இருக்கவில்லை. மேற்கு ஆசியாவின் ரோசா ஃபெடிடா என்ற மஞ்சள் ரோஜாவின் வழியில் பிரான்ஸின் ரோஜா வளர்ப்பாளர் பெர்னே-துஷே 1900இல் வெளியிட்ட சோலேய் தோர் மூலமே அந்த நிறம் உள்ளே வந்தது. நிறத்தோடு கரும்புள்ளி நோய்க்கு எளிதில் ஆட்படும் குணமும் வந்தது. ஐப்பசி மழையில் இலை மணிக்கணக்கில் ஈரமாக இருக்கும் ஊரில் அந்தப் பரம்பரைச் செடிகள் டிசம்பருக்குள் மொட்டையாகிவிடுகின்றன. இலை உதிர்ந்த தண்டில் அடுத்து வருவது நுனிக்கருகல், அதாவது நுனியிலிருந்து தண்டு காய்ந்துகொண்டே இறங்கும் நோய். மஞ்சள் வேண்டவே வேண்டாம் என்பதில்லை. ஒன்று போதும், அதையும் மழை படாத கூரை விளிம்பில் வைக்க வேண்டும்.

கிளாடியேட்டர் பழைய வகை, 1955ஐச் சேர்ந்தது. சிவப்புதான், ஆனாலும் செடி முரட்டுத்தனமாக வளரும், நம் வெயிலுக்குப் பழகிய வகை. பாப்பா மெய்லாண்ட் என்ற வகையின் மணத்துக்காக அதை நாடுபவர்கள் உண்டு. அதன் கருஞ்சிவப்பு இதழ் வெயிலில் கருகும், இலையில் சாம்பல் நோய் சுலபமாகப் பிடிக்கும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு அது சரி.

கொய்மலர் வகைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தாஜ்மஹாலைப் போன்றவை பசுமைக்குடிலில் மழை படாமல், சொட்டுநீரில் அளந்து உரம் கொடுத்து வளர்வதற்கானவை. பூங்கொத்துக் கடையில் இரண்டடிக் காம்போடு இருக்கும் பூ, மாடித் தொட்டியில் முக்கால் அடிக் காம்போடு, பாதி அளவில், மணமில்லாமல் பூக்கும். செடியின் மீது குறையில்லை. அது கேட்கும் சூழல் மாடியில் இல்லை.

கொடி ரோஜாவுக்குத் தரையோ குறைந்தது 20 அங்குலத் தொட்டியோ வேண்டும். தண்டை நிமிர்த்திக் கட்டினால் நுனியில் மட்டும் பூக்கும். படுக்கை வாட்டில் வளைத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு பூக்கும்.

நர்சரியில் பார்க்க வேண்டியவை

பூவைப் பார்க்கும் முன் தண்டின் அடியைப் பார்க்க வேண்டும். ஒட்டுக்கட்டிய இடம் ஒரு முடிச்சுபோல் தெரியும். அதற்கு மேலே குறைந்தது இரண்டு தண்டுகள், அதில் ஒன்றாவது சுண்டுவிரல் தடிமனில் இருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் தளிர், வேருக்காக அடியில் வைத்த வேர்ச்செடியினுடையது. அது வளர்ந்தால் மேலே உள்ள ரோஜாவை விழுங்கிவிடும். ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுத்தளிர், ஐந்து இருந்தால் நல்ல தளிர் என்று சொல்வதை நம்ப வேண்டாம். நல்ல வகைகளிலும் ஏழு சிற்றிலை வரும். எங்கிருந்து கிளம்புகிறது என்பது மட்டுமே சரியான அடையாளம். அப்படிக் கிளம்புவதைக் கத்தரியால் வெட்டினால் அதே இடத்தில் மறுபடி முளைக்கும். மண்ணை விலக்கி, அடியோடு கீழ்நோக்கிப் பிய்த்தெடுக்க வேண்டும்.

மொட்டும் பூவுமாக நிற்கும் செடியை விட்டு, இலை நிறைந்து புதுத்தளிர் விடும் செடியை எடுக்கலாம். இலையின் அடிப்பக்கத்தில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சிலந்திப்பேன். தண்டில் செம்பழுப்புத் திட்டுகள் அப்பியிருந்து நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால் செதில்பூச்சி. அந்தச் செடி வீட்டுக்கு வரக் கூடாது.

களிமண் உருண்டை

வெளியூரிலிருந்து வரும் பல ஒட்டுச் செடிகளின் வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை இருக்கும். லாரியில் வேர் காயாமல் வருவதற்கான ஏற்பாடு அது. அதை அப்படியே பொலபொலப்பான தொட்டிக் கலவைக்குள் வைப்பதுதான் புதுச்செடிகள் சாவதற்கு முதல் காரணம். ஊற்றும் நீர் சுலபமான வழியில் கலவைக்குள் இறங்கி அடித்துளையில் வடிந்துவிடும். உருண்டையின் நடு காய்ந்தே கிடக்கும். மேல்மண் ஈரமாகத் தெரிவதால் நீர் போதும் என்று தோன்றும். மழைக்காலத்தில் நேர்மாறாக, நனைந்த களிமண் காயவே காயாது, வேர் அழுகும். பட்டுப்போன செடிகளைப் பிடுங்கிப் பார்த்தபோது களிமண்ணைத் தாண்டி ஒரு வெள்ளை வேர்கூட வெளியே வந்திருக்கவில்லை.

சரிசெய்யும் வழி இது. வாங்கி வந்த செடியைப் பையோடு ஒரு வாரம் வெளிச்சமான நிழலில் வைக்க வேண்டும். பிறகு பையைக் கிழித்து, உருண்டையை ஒரு வாளி நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, விரல்களால் வெளிப்பக்கக் களிமண்ணில் பாதியை மட்டும் கரைக்க வேண்டும். முழுவதும் கழுவினால் மெல்லிய வேர்கள் அறுந்துவிடும். இதைச் செய்ய ஏற்ற காலம் ஆடிக் கடைசி முதல் புரட்டாசி வரை, இல்லாவிட்டால் தை. பங்குனிக்குமேல் கூடாது.

கலவையும் நடவும்

14 அங்குலத் தொட்டிக்கு ஏறத்தாழ 25 லிட்டர் கலவை பிடிக்கிறது. செம்மண் 4 பங்கு, மக்கிய தொழு உரம் 3 பங்கு, கழுவிய தென்னை நார்க் கழிவு 2 பங்கு, பருமணல் 1 பங்கு. தொட்டிக்கு வேப்பம் புண்ணாக்கு 100 கிராம், எலும்புத் தூள் 100 கிராம். நார்க் கழிவில் உப்பு இருக்கும். நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்த நீரை மீட்டரில் பார்க்கலாம். அளவு இறங்கும்வரை கழுவ வேண்டும். புண்ணாக்கு மக்கும்போது சூடு கிளப்பும் என்பதால் கலவையை 15 நாள் முன்பே கலந்து ஈரப்படுத்தி வைத்துவிட வேண்டும்.

சிமென்ட் தொட்டி வேண்டாம். சுண்ணாம்பு கசிந்து மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும், ரோஜா கேட்பது பிஎச் (அமில, கார அளவு) 6 முதல் 6.5 வரை. கறுப்புப் பிளாஸ்டிக் வெயிலில் கொதிக்கும். மண்தொட்டி நல்லது, கனம்தான் இடையூறு. வெள்ளை நிற குரோ பேக் விலைக்கும் பயனுக்கும் நடுவில் நிற்கிறது. எதுவானாலும் செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். தளத்தின் சூடு அடிவேருக்கு ஏறாது, வடிகாலும் அடைபடாது.

ஒட்டு முடிச்சு மண்மட்டத்துக்கு 2 அங்குலம் மேலே இருக்க வேண்டும். குளிர் நாடுகளின் குறிப்புகளில் முடிச்சைப் புதைக்கச் சொல்வார்கள். அது உறைபனியிலிருந்து காக்க. இங்கே புதைத்தால் முடிச்சு அழுகும். நட்ட பிறகு முதலில் வரும் மொட்டுகளைப் பட்டாணி அளவிலேயே கிள்ளிவிட வேண்டும். மனம் வராதுதான், ஆனால் அந்தச் சக்தி வேருக்குப் போனால்தான் கோடையைத் தாண்டும்.

நீர், உரம், கவாத்து

கோடையில் 14 அங்குலத் தொட்டிக்கு நாளுக்கு 3 லிட்டர்வரை ஆகும், மார்கழியில் ஒன்றரை போதும். மாதம் ஒருமுறை ஏசி நீரோ மழைநீரோ 20 லிட்டர் ஒரே மூச்சில் ஊற்றி, படிந்த உப்பை அடித்துளை வழியே வெளியேற்றுவது அவசியம். கடலைப் புண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டர் நீரில் 3 நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து, தொட்டிக்கு அரை லிட்டர் வீதம் 15 நாளுக்கு ஒருமுறை கொடுத்தால் போதுமானது. கத்தரியில் எந்த உரமும் வேண்டாம்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறைவு. கார நீர் ஊற்றும் மாடிகளில் சாதாரணம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், எலுமிச்சை உப்பு 1 கிராம் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். பன்னீரில் இந்த மஞ்சள் குறைவாகவே வருகிறது.

கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, அக்டோபர் முதல் டிசம்பருக்குள் என்பது பொது விதி. சென்னையில் அக்டோபர், நவம்பர் மழையில் வெட்டினால் வெட்டுவாய் வழியே நுனிக்கருகல் இறங்கும். மழை விட்ட நான்கைந்து நாள் பார்த்து வெட்டுவது நல்லது. வெட்டியதிலிருந்து பூவுக்கு 40 முதல் 50 நாள் ஆகும். பொங்கலுக்குப் பூ வேண்டுமென்றால் நவம்பர் கடைசியில் கிடைக்கும் வறண்ட இடைவெளியை விடக் கூடாது. ஹைப்ரிட் டீயைப் பாதி உயரத்துக்கு, வெளிநோக்கிய கணுவுக்குக் கால் அங்குலம் மேலே வெட்ட வேண்டும். வெட்டுமுகத்தின் நடு வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பு தெரிந்தால் வெள்ளை வரும்வரை இன்னும் கீழே போக வேண்டும். வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு குழைத்துத் தடவி, அடுத்த செடிக்குப் போகும்முன் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். பன்னீரை அவ்வளவு வெட்டத் தேவையில்லை. மூன்றில் ஒரு பங்கு போதும்.

பூச்சிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசலோடு, மாலையில். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் அடித்தால் இலை வெந்துவிடும். எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடாது.

செலவு

ஹைப்ரிட் டீ ஒட்டுச்செடி 150, தொட்டி 300, கலவை 150. ஆக 600 ரூபாய். பன்னீர்ச் செடி 60க்குக் கிடைக்கும், குரோ பேக் 80, கலவை 150, 300க்குள் முடியும். கவாத்துக் கத்தரி 350. மூன்றாம் மாதத்தில் ஒட்டுச்செடி செத்தால் கலவையையும் தொட்டியையும் மறுபடி பயன்படுத்தலாம்; ஆனால் நுனிக்கருகலில் போனது என்றால் கலவையை ஒரு மாதம் வெயிலில் பரப்பிய பிறகே.

அடுத்த சுற்றில் மாறப்போவது வாங்கும் வரிசை. முதலில் பன்னீரும் பட்டனும், அவை ஒரு கோடையைத் தாண்டிய பிறகு ஐஸ்பெர்க் போன்ற ஃபுளோரிபண்டா, கடைசியில் ஹைப்ரிட் டீ ஒன்றோ இரண்டோ. மேற்குக் கைப்பிடிச் சுவரோரம் பன்னீரை நிறுத்தினால் அதன் உயரமே மற்றவற்றுக்குப் பிற்பகல் நிழலாகும். 50 சதவீத நிழல்வலை வாங்கும் செலவு குறையும். எட்வர்ட் ரோஜாவை வேர்ச்செடியாகவும் பயன்படுத்தலாம் என்பதால், தையில் போட்ட பன்னீர்க் குச்சிகளில் சில பென்சில் தடிமனுக்கு வந்ததும் கிளாடியேட்டரின் தளிர்க்கண்ணை எடுத்து அவற்றில் ஒட்டப் போகிறோம். உப்பு நீருக்குப் பழகிய வேரும் நமது, களிமண் உருண்டையும் இல்லை.